கோயிலுக்குப் போற அன்னிக்கு

சவுரிராயன் முதலில் கேட்டது வாய்ப்புண்ணுக்கு மாத்திரை.

"வூட்ல அதுக்கு வாயெல்லாம் வெந்து கெடக்குது சார். மோரு கூட எறங்க மாட்டேங்குது. ஜல்தி கேக்குற மாதிரி எதனா குடுங்க."

திண்டிவனம் பேருந்து நிலையத்தை ஒட்டிய அந்த மருந்துக்கடையில் காலைக் கூட்டம் இன்னும் கலையவில்லை. முதலாளி திருமுருகன் திரும்பிப் பார்க்காமலேயே பின்னால் கைவிட்டு பி காம்ப்ளக்ஸ் அட்டை ஒன்றை உருவிக் கண்ணாடி மேல் போட்டார். வாய்ப்புண் என்று வருகிறவருக்கு எந்தக் கடையிலும் கிடைப்பது அதுதான்.

"அப்பறம் இதுலயும் ஒரு அட்டை." சவுரிராயன் சட்டைப்பையிலிருந்து ஒரு காலி அட்டையை எடுத்து நீட்டினார். "மஞ்சா மாத்திரை. தோ, அந்தப் பாப்பாதான் குடுத்துச்சு."

கடையின் ஓரத்தில் ஒரு சின்ன மேசை. அங்கே ஒரு பெண்ணின் கையிலிருந்து ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த இளவரசி, மஞ்சள் மாத்திரை என்ற சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்தாள். எழுந்து வந்து அட்டையை வாங்கிப் பார்த்தாள். பின்பக்கத்தில் சிவப்பு மையில் 'வாரம் 1' என்று அவளுடைய எழுத்து. பத்துக் குழிகளும் உடைந்திருந்தன.

"ஐயா, இது போன மாசம்தானே வாங்கினீங்க?"

"ஆமா. டாக்டரு வந்த அன்னிக்கு. நீதானே குடுத்த."

தீபாவளியை ஒட்டித் தீர வேண்டிய அட்டை, ஆவணி முடிவதற்குள் தீர்ந்திருந்தது.

"கீழ கொட்டிடுச்சா? வேற யாராச்சும் எடுத்துப் போட்டாங்களா?"

"வேற யாரு போடுவாங்க? அதேதான் போட்டுக்குது. நீ சொன்னபடி, ஒரு நாளு தவறல."

"நான் சொன்னபடியா?"

"கோயிலுக்குப் போற அன்னிக்குப் போடுன்னு சொன்னியே. இப்ப மாதாவுக்கு நவநாளு நடக்குது இல்ல? கொடியேத்துனதுலேர்ந்து ஒம்பது நாளும் தெனம் சாயங்காலம் கோயில்தான். வந்து ரெண்டு வாய் கஞ்சி குடிச்சிட்டு மாத்திரையப் போட்டுக்கினு படுக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டு மேலும் சொன்னார்: "கோயிலுக்கு மறுநாளு போடச் சொல்லி ஒரு சின்ன மாத்திரை குடுத்தியே, அது அப்படியே கெடக்குது. மறுநாளும் கோயிலாப் பூடுதே."

இளவரசி காலி அட்டையைக் கண்ணாடி மேல் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

அந்த மஞ்சள் மாத்திரை, மூட்டுகள் வீங்கி விரல்கள் கோணிப்போகும் வாதநோய்க்கானது. வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் போட வேண்டியது. மறுநாள் போடும் சின்ன மாத்திரை அதன் பக்கவிளைவைத் தணிக்க. இதே மருந்தைக் கூடுதல் அளவில் புற்றுநோய்க்கும் கொடுப்பார்கள். வாரம் ஒன்று என்றால் வீக்கம் வடியும். தினம் ஒன்று என்றால் எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுபோகும். அது முதலில் தெரியவரும் இடம் வாய்.

ஓரத்து மேசை வந்து ஒன்றரை வருடம் இருக்கும். சென்னையிலிருந்து மூட்டுநோய் மருத்துவர் மாசிலாமணி ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை வந்து கடையின் மாடி அறையில் நோயாளிகளைப் பார்ப்பார். மரக்காணத்திலிருந்தும் மயிலத்திலிருந்தும் வந்து படிக்கட்டு வரை உட்கார்ந்திருப்பார்கள். ஒருவருக்கு ஒதுக்க அவரிடம் சில நிமிடங்கள்தான் உண்டு. அடுத்த முறை அவர் வரும்வரை எதைக் கேட்பதற்கும் ஆளில்லை. அதனால்தான் அந்த ஏற்பாட்டை அவரே கேட்டுக்கொண்டார். மருந்தாளுநர் உட்கார்ந்து நோயாளியிடம் பேச வேண்டும். எதை எப்போது போடுவது என்று விளங்கவைக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துத் தனக்குச் சொல்ல வேண்டும். வராதவர்களுக்குப் போன் போட வேண்டும். பி.பார்ம் படித்துவிட்டு எட்டு வருடமாக ரேக்கிலிருந்து எடுத்துக் கொடுப்பதும் பில் போடுவதுமாக இருந்த இளவரசிக்கு, நாற்காலியும் எதிரே ஒரு மனிதரும் என்பது புது வேலையாகவே இருந்தது. திருமுருகன் அதற்குக் கச்சேரி என்று பெயர் வைத்திருந்தார். "கச்சேரி ஆரம்பிச்சாச்சா? அந்த எடத்துல ஒரு ரேக்காவது வெச்சிருக்கலாம்" என்பார்.

அந்த மேசையில் அவளுக்கிருந்த பெரிய கவலையே இந்த வார மாத்திரைதான். கிழமையைச் சொன்னால் வயலுக்குப் போகிறவர்களுக்கு நினைவில் நிற்பதில்லை. அதனால் ஒவ்வொருவரிடமும் வாரம் ஒருமுறை தவறாமல் செய்வது என்ன என்று கேட்டாள். ஒருவருக்குச் சந்தை நாள். ஒருத்திக்கு மகளிர் குழுக் கூட்டம். மயிலம் பக்கத்துக் கண்ணையனுக்குக் கறி எடுக்கும் நாள். ஒலக்கூரைத் தாண்டி உள்ளே இருக்கும் ஊரிலிருந்து ஜூன் மாதம் முதலில் வந்த சவுரிராயனின் மனைவி சவுரியம்மாள், "வேற இன்னா? கோயிலுதான்" என்றார். இளவரசியின் தெருவில் கிறிஸ்தவக் குடும்பங்கள் மூன்று இருந்தன. ஞாயிறு காலையில் துவைத்து இஸ்திரி போட்ட உடையில் பைபிளோடு போவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாள். ஞாயிறு தவிர வேறு நாளும் உண்டா என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. கோயிலுக்குப் போற அன்னிக்கு மஞ்சள், மறுநாள் சின்னது என்றாள். மாடியிலிருந்து இறங்கும்போது அதைக் கேட்ட மாசிலாமணி, "இது நல்லா இருக்கே, நான் சென்னையிலயும் சொல்றேன்" என்று சிரித்தார்.

முதல் இரண்டு மாதமும் நான்கு நான்கு மாத்திரையாக வெட்டிக் கொடுத்தாள். வெட்டிய அட்டைகள் தேங்குகின்றன என்று திருமுருகன் முனகினார். பஸ்ஸுக்கு நின்று கால் கடுக்கிறது என்று சவுரியம்மாளும் சொன்னார். போன மாதம்தான் முதல் முறையாக முழு அட்டை.

"ஐயா, அம்மா இப்ப எங்க இருக்காங்க?"

"வூட்லதான். தேருக்குப் பூ கட்டிக்கினு கீது."

"காய்ச்சல் இருக்குதா?"

"சூடு புள்ள. நவநாளு முழுக்க ஒரு வேளை சாப்பாடு. ஒடம்பு காஞ்சிபோயி வாயில வந்துடுச்சு. மணத்தக்காளிக் கீரை ஆக்கிக் குடுத்தேன், அதுவும் எரியுதுன்னுது."

திருமுருகன் அவளை ரேக்குகளுக்குப் பின்னால் கூப்பிட்டார். அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது.

"ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு. அவ்ளோதான். எதனாலன்னு நம்ம வாயால சொல்லாத."

"எதனாலன்னு தெரியாம போனா வாய்ப்புண்ணுன்னு நெனச்சிப்பாங்க சார். நீங்க குடுத்ததையே அவங்களும் குடுப்பாங்க."

"ஏம்மா, லைசென்ஸ் என் பேர்ல இருக்குது. டாக்டர் சீட்டுல வாரம் ஒண்ணுன்னுதான் இருக்குது. நான் குடுத்த அட்டை சரி. கோயிலு, கறின்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"அப்ப யோசிச்சிப் பண்ணு. இன்னிக்கு ஒருத்தன் வீடியோ எடுத்துப் போட்டான்னா கடையே பேஜாராயிடும்."

இளவரசி கைப்பையை எடுத்தாள். மாசிலாமணிக்குப் போட்ட போன் அடித்து ஓய்ந்தது. நடந்ததைப் பேசிப் பதிந்து அனுப்பினாள். தன் குரல் சீராக இருந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வாசலில் இறங்கும்போது பின்னாலிருந்து திருமுருகன், "சாப்பாட்டு டப்பாவ விட்டுட்டுப் போற" என்றார். அவள் திரும்பவில்லை.

சவுரிராயனின் டிவிஎஸ் வண்டிக்குப் பின்னால் அவள் ஸ்கூட்டியில் போனாள். அவர் நிதானமாக ஓட்டினார். அவருக்கு இன்னும் முழுதாகச் சொல்லியிருக்கவில்லை. மாத்திரை ஜாஸ்தியாகிவிட்டது, அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தாள். ஒலக்கூர் தாண்டியதும் மல்லாட்டை பிடுங்கிய கொல்லைகள். வரப்பில் வேர்க்கடலைக் கொடி காய்ந்துகொண்டிருந்தது. முந்திப் போகலாமா என்று இரண்டு முறை நினைத்தாள். வீடு அவளுக்குத் தெரியாது.

ஊரின் தொடக்கத்திலேயே நீலமும் வெள்ளையுமாகக் காகிதக் கொடிகள் தொங்கின. ஒலிபெருக்கியில் மாதா பாட்டு. ஓடு வேய்ந்த வீட்டின் உள்ளே, நாடாக் கட்டிலில் உட்கார்ந்து சவுரியம்மாள் வழவழப்பான காகிதத்தைப் பூவாக வெட்டிக்கொண்டிருந்தார். வாயை ஒரு துண்டால் மூடியிருந்தார். இளவரசியைப் பார்த்ததும் கண்கள் விரிந்தன. கத்திரிக்கோலைத் தூக்கிக் காட்டினார்.

"பாரு பாப்பா. போன வருசம் இத்தப் புடிக்க முடியல. உன் மாத்திரதான்." வார்த்தைகள் துண்டுக்குள்ளேயே குழைந்து வந்தன.

இளவரசி கட்டிலருகே மண்டி போட்டாள். "அம்மா, வாயைக் கொஞ்சம் காட்டுங்க." செல்போன் வெளிச்சத்தில் உதட்டின் உள்பக்கமும் நாக்கின் ஓரங்களும் வெள்ளையாக உரிந்திருந்தன. முழங்கைக்குக் கீழே கன்றிய தடங்கள். எங்காவது இடித்துக்கொண்டீர்களா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினார். தொட்டபோது உடம்பு சுட்டது.

"அம்மா, நான் சொன்னதுல தப்பு நடந்துபோச்சு. அந்த மஞ்சள் மாத்திரை வாரத்துக்கு ஒண்ணுதான் போடணும். நீங்க தெனம் கோயிலுக்குப் போவீங்கன்னு நான் நெனைக்கல. நான் ஞாயித்துக்கிழமைன்னு நெனச்சி சொன்னேன்."

"நீ ஞாயித்துக்கிழமைன்னு சொல்லலியே." சவுரியம்மாள் குழப்பத்தோடு கணவரைப் பார்த்தார். "கோயிலுக்குப் போற அன்னிக்குன்னுதான் சொன்ன. நான் ஒரு நாளு உடலியே. மழை பேஞ்ச அன்னிக்குக்கூட."

"நீங்க சரியாத்தான் செஞ்சீங்க. நான்தான் சரியா சொல்லல. இப்ப ஒடனே முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். ரத்தம் எடுத்துப் பாக்கணும்."

"தேரு நாளானிக்கு. இன்னிக்கும் நாளைக்கும் நவநாளு கீது. முடிச்சிட்டு வர்றேன்."

"அதுவரைக்கும் தாங்காதும்மா."

சவுரியம்மாள் துண்டைக் கொஞ்சம் விலக்கி அவளையே பார்த்தார். கோபம் இல்லை. கணக்குப் போடுகிற பார்வை.

"அப்ப சொன்னது தப்புன்ற. இப்ப சொல்றது மட்டும் சரின்னு நான் எப்டி நம்புறது?"

வண்டியில் வரும்போது இளவரசி எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் தயார் செய்திருந்தாள். இது அதில் இல்லை. பாட்டு முடிந்து ஒலிபெருக்கி கரகரத்தது.

"என்னை நம்ப வேணாம்மா," என்றாள் கடைசியில். "அங்க டாக்டருங்க ரத்தத்தைப் பாத்துட்டு சொல்லட்டும். ஒண்ணும் இல்லன்னு சொன்னா சாயங்காலத்துக்குள்ள திரும்பிக் கொண்டாந்து விடுறேன்."

"தேருக்கு வேண்டிக்கினு இருக்கேன். பாதில உட்டா நல்லால்ல."

"தேர் மேலயே ஒன்ன ஏத்தி அனுப்பிடவா?" என்றார் சவுரிராயன் வாசலிலிருந்து. குரலில் வழக்கமான கிண்டல்தான். "மாதாவுக்குப் பக்கத்துல நல்லாத்தான் இருப்ப." சொல்லிக்கொண்டே வந்தவர், மனைவியின் மடியில் நழுவியிருந்த துண்டை எடுத்துக் கொடுக்கக் குனிந்தார். அதன் உள்மடிப்பில் ரத்தம் பழுப்பாகக் காய்ந்தும் அதன் மேல் புதிதாகச் சிவந்தும் இருந்தது. அவர் துண்டைக் கொடுக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, "இது எப்பத்துலேர்ந்து?" என்றார்.

அவர் செருப்பில்லாமல் தெருவில் இறங்கி ஓடினார். திருவிழாவுக்கு விருந்தாளிகளை ஏற்றி வந்து போகும் சேரனின் கார் பள்ளிக்கூடத்தருகே நின்றிருந்தது.

கோயில் வாசலில் ஒரு நிமிடம் நிறுத்தச் சொன்னார் சவுரியம்மாள். இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, பாதி அலங்கரித்த தேரைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். வெட்டிய காகிதப் பூக்கள் இருந்த பையை, அங்கே நின்ற பெண்ணிடம் நீட்டினார். "தண்டுக்குப் பச்ச நூலு சுத்தணும், மறந்துடாத" என்றார்.

திண்டிவனம் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும் மாசிலாமணி கூப்பிட்டார்.

"எத்தனை நாள் போட்டிருக்காங்க?"

"கொடியேத்தத்துலேர்ந்து தினமும் சார், ஏழெட்டு நாள். வாய் முழுக்கப் புண். துண்டுல ரத்தம். கையில கன்றியிருக்கு. சூடும் இருக்கு."

பிறகு அவர் நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் மூன்றையும் பார்க்க வேண்டும். இந்த மாத்திரையின் விளைவை முறிக்கும் லூகோவோரின் ஊசியைத் தாமதிக்காமல் போட வேண்டும். போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள மருத்துவரிடம் போனைக் கொடுக்க வேண்டும்.

"இளவரசி, அங்க எப்படி நடந்ததுன்னு கேப்பாங்க."

"சொல்லிடறேன் சார். நான் சொன்ன முறைதான்னு."

"அதை நல்லா இருக்குன்னு சொன்னவன் நான். அதையும் சேத்துச் சொல்லுங்க." சற்றுப் பொறுத்து, "முதல்ல போய்ச் சேருங்க" என்றார்.

கூட்டேரிப்பட்டு சந்திப்பில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தன. சேரன் ஹாரனில் கை வைத்தபடியே இருந்தான். "அண்ணா, அம்மாவுக்கு சர்க்கரையா?" என்று கேட்டான். சவுரிராயன் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "மாத்திர ஜாஸ்தியாப் பூட்ச்சி" என்றார். யாரால் என்று சேரன் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பின்னிருக்கையில் சவுரியம்மாளின் தலை இளவரசியின் தோளில் சாய்ந்திருந்தது. சூடு அவள் ரவிக்கை வழியே உறைத்தது. மூச்சு வருகிறதா என்று அவள் அடிக்கடி கீழே பார்த்தாள். வந்துகொண்டிருந்தது.

அவசரப் பிரிவில் இருந்த மருத்துவர் இளம்பெண். கையுறையோடு வாயைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "நீங்க மகளா?" என்றார்.

"இல்ல டாக்டர். நான் பார்மசிஸ்ட்."

"பார்மசிஸ்ட் எதுக்குக் கூட வந்திருக்கீங்க?"

"மாத்திரை குடுத்தது நான். எப்ப போடணும்னு சொன்னதும் நான். அதுலதான் தப்பு." காலி அட்டையை நீட்டினாள். கோயில், நவநாள், கொடியேற்றம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். சொல்லும்போது சவுரிராயன் பக்கத்திலேயே நின்றார். முழுக் கதையையும் அவர் அப்போதுதான் ஒரே மூச்சில் கேட்டார்.

மருத்துவர் அட்டையைப் புரட்டிப் பார்த்தார். திட்டுவார் என்று இளவரசி எதிர்பார்த்தாள். அவர் அதற்கு நேரம் செலவழிக்கவில்லை. நர்ஸிடம் ஊசிக்கு எழுதிக் கொடுத்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், மாசிலாமணியோடு போனில் பேசினார். முதல் ரத்த முடிவோடு திரும்பி வந்து, "தெரியாம வந்திருந்தா நாங்க வேற பக்கம் தேடியிருப்போம்" என்றார். அது பாராட்டாக இல்லை. "ஆனா சீக்கிரம் வந்துட்டீங்கன்னு இப்ப சொல்ல முடியாது. அணுக்கள் ரொம்ப இறங்கியிருக்கு. இன்னும் எறங்கும். ஒரு கிருமி பட்டாலும் ஆபத்து."

தனியறையில் படுக்க வைத்தார்கள். முகக்கவசம் இல்லாமல் யாரும் உள்ளே போகக்கூடாது.

விழுப்புரத்தில் ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்க்கும் மகள் அன்புச்செல்வி, கடையின் சீருடைச் சேலையோடு வந்து சேர்ந்தாள். அப்பாவிடம் விசாரித்துவிட்டு நேராக இளவரசியிடம் வந்தாள்.

"டாக்டரா நீ?"

"இல்லைங்க."

"மருந்து எடுத்துக் குடுக்குறவதானே? சீட்டுல எழுதினத எடுத்துக் குடுத்துட்டு சும்மா இருக்க வேண்டியதுதானே? எங்கம்மா கோயிலுக்குப் போறதுக்கும் வர்றதுக்கும் உன்ன யாரு கணக்குப் போடச் சொன்னது? எங்க கோயிலப் பத்தி உனுக்கு இன்னா தெரியும்?"

நடைபாதையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் போனை உயர்த்துவது இளவரசியின் கண்ணில் பட்டது. திருமுருகன் சொன்ன வீடியோ இதுதான் என்று நினைத்தாள். முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றியது. மூடவில்லை.

"தெரியாதுங்க. கேட்டிருக்கணும். கேக்கல."

"ஏய், உடு," என்றார் சவுரிராயன். "ஆளு ஓடாம நிக்குது இல்ல? வா, இப்டி உக்காரு." மகளை இழுத்துப் பெஞ்சில் உட்கார வைத்தார். போன் வைத்திருந்தவரைப் பார்த்து, "இன்னா, கல்யாணமா நடக்குது?" என்றார். போன் இறங்கியது.

அன்று பிற்பகல் முழுவதும் காத்திருந்த நேரத்தில் இளவரசிக்கு மற்றவர்களின் முகங்கள் வரத் தொடங்கின. சந்தை நாள் என்று சொன்னவர். திருவிழாச் சமயத்தில் சந்தை இரண்டு நாள் நடக்குமா? மகளிர் குழு வாரத்தில் இரண்டு முறை கூடினால்? எழுந்து மாமரத்தடிக்குப் போய் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். ஐந்தாவதாகக் கண்ணையன் எடுத்தார்.

"கறி எடுக்குற அன்னிக்குத்தான் போட்டுக்கினு வர்றேன், டாணுன்னு. ஆனா பொரட்டாசி பொறக்கப் போவுதே?"

"பொறந்தா?"

"பொரட்டாசில நம்ம வூட்ல கவுச்சி கெடையாதும்மா. மாசம் பூராவும் மாத்திரைக்கும் விரதம்தானே? நான் அப்டித்தான் வெச்சிருந்தேன்."

சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். இளவரசி சிரிக்கவில்லை. அவளுடைய வீட்டிலும் புரட்டாசியில் கறி கிடையாது. அந்தக் கோயிலின் வழக்கம் தெரியாமல் போனது சரி, இது தன் வீட்டு வழக்கமே. "ஞாயித்துக்கிழமை. கறி இருந்தாலும் இல்லன்னாலும் ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒண்ணே ஒண்ணு. நீங்க இப்ப அத எனக்குத் திருப்பிச் சொல்லுங்க" என்றாள். அவர் சொன்னார். "வேற எந்த நாள்லயாவது போடுவீங்களா?" என்று கேட்டாள். "பைத்தியமா எனக்கு?" என்றார் கண்ணையன்.

பெஞ்சுக்குத் திரும்பியபோது திருமுருகன் அழைத்தார். "அந்த ஊசி அங்க இருக்குதா, வெளில வாங்கணுமா?"

"இருக்குது சார். போட்டுட்டாங்க."

"விழுப்புரம் ஹோல்சேல்ல சொல்லி ரெண்டு எடுத்து வெச்சிருக்கேன். தொடர்ந்து போடணும்னா தேவைப்படும்." தொண்டையைச் செருமினார். "எழுதிக் கேட்டாங்களா? கடைப் பேரு?"

"சொன்னேன் சார்."

அவர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் அணுக்கள் இன்னும் இறங்கின. தேர் நாளன்று காய்ச்சல் ஏறியது. சவுரியம்மாள் யாரையும் அடையாளம் தெரியாமல் பச்சை நூல் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்ததாக அன்புச்செல்வி சொன்னாள். இளவரசியிடம் இல்லை, பக்கத்தில் இருந்த பெண்ணிடம். இளவரசி தினமும் காலையில் திண்டிவனத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, கண்ணாடிக் கதவு வழியே பார்த்துவிட்டு, கடை திறக்கும் நேரத்துக்குத் திரும்பினாள். கடையில் ஓரத்து மேசை மேல் கிரைப் வாட்டர் பெட்டிகள் அடுக்கியிருந்தன. திருமுருகன் அவற்றை எடுக்கச் சொல்லவும் இல்லை, எடுக்க வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. மாசிலாமணி, வரும் சனிக்கிழமை நேரில் பேசலாம் என்றார். மேசையின் எதிரே இருந்த நாற்காலியில் வழக்கம்போல ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவள் பெட்டிகளுக்கு மேலாக அவர்களைப் பார்த்துப் பேசினாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் இது எப்படியெல்லாம் தவறாகப் போகும் என்று யோசித்தாள். பேச்சு தடுமாறியது. "இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா?" என்றார் ஒரு கிழவர்.

தேர் முடிந்த அடுத்த வாரம் ஒரு காலையில் அவள் போனபோது, தனியறையின் கதவருகே சவுரிராயன் நின்றிருந்தார். ஒரு வாரத்துத் தாடி. கையில் அன்றைய ரத்தப் பரிசோதனைத் தாள். அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது. எப்போதும் மகள் படிப்பாள். அவள் பல் விளக்கப் போயிருந்தாள். அவர் தாளைப் பார்த்தார், இளவரசியைப் பார்த்தார். பிறகு நீட்டினார்.

அவள் வாங்கினாள். எண்கள் மேல் விரலை வைத்து இரண்டு முறை படித்தாள். நேற்றையதும் அதே தாளில் பக்கத்தில் இருந்தது. அவள் முகத்தையே அவர் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்ததால், முகத்தை எதுவும் செய்யவிடாமல் வைத்திருந்தாள்.

"ஏறியிருக்குது ஐயா. வெள்ளையும் ஏறியிருக்குது, ரத்தத்த உறைய வைக்கிற அணுவும் ஏறியிருக்குது. கொஞ்சம்தான். ஆனா ஏறுது."

"நெசமாவா?"

"எழுதியிருக்குது ஐயா. நான் படிச்சிச் சொல்றேன்."

அவர் தலையாட்டினார். தாளை அவள் கையிலிருந்து மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டார். நடைபாதையின் மறுமுனையில் இருந்த நர்ஸ் மேசைக்குப் போனார். "யம்மா, இத்த ஒரு தபா படிச்சிச் சொல்லு" என்று கேட்பது இங்கே வரை கேட்டது.

இளவரசி நின்ற இடத்திலேயே நின்றாள். தான் படித்தது சரிதான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் நர்ஸ் தாளின் மேல் குனிந்திருந்த அந்த நேரம் முழுவதும் அவள் அசையவில்லை. நர்ஸ் ஏதோ சொன்னார். சவுரிராயன் மறுபடி கேட்டார். நர்ஸ் மறுபடி சொன்னார்.

அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்து வந்தார். கண்ணாடி வழியே உள்ளே பார்த்தார். சவுரியம்மாள் விழித்திருந்தார், உதடுகள் இன்னும் கறுத்து உலர்ந்திருந்தன.

"அதேதான் சொன்னாங்க," என்றார். பிறகு, "பசிக்குதுன்னுது. கேப்பக் கூழு கரைச்சிக் குடுக்கலாமா, வேணாமா?"

"வீட்டுல கரைச்சது இப்ப வேணாம் ஐயா. இங்க காய்ச்சிக் குடுக்குற கஞ்சி, சூடு ஆறினப்புறம், உப்பு காரம் இல்லாம. வெளில தெறந்து வெச்சது எதுவும் ஆகாது." நிறுத்தினாள். "நான் சொன்னத ஒரு தடவ திருப்பிச் சொல்லுங்க."

அவர் சொன்னார், ஒன்றும் விடாமல்.

"சரிதான்," என்றாள்.

"இரு," என்றார் சவுரிராயன். "அவங்களையும் ஒரு வார்த்த கேட்டுக்கினு வர்றேன்."

"கேளுங்க ஐயா," என்றாள் இளவரசி. அவர் மறுபடி நர்ஸ் மேசைக்குப் போவதைப் பார்த்தபடி, பதில் வரும்வரை பஸ்ஸுக்குக் கிளம்பாமல் காத்திருந்தாள்.